கொலுவுக்கு ஒரு குட்டிக் கல்யாணம்: துணிப் பொம்மை செய்து விற்க வழிகாட்டி

ஐந்து அங்குலப் பொம்மைக்குப் புடவை கட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நான் முதலில் கட்டியது மணப்பெண் மாதிரியே இல்லை. குடையை விரித்து இடுப்பில் செருகினது போல இருந்தது. கொசுவம் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது, முந்தானை தோளில் படியாமல் ஒரு பக்க இறக்கையாக விறைத்தது. துணி நல்ல பட்டு, அளவும் கணக்குப்படி சரி. கோளாறு எங்கே என்று புரிய நாலைந்து பொம்மைகள் வீணாக வேண்டியிருந்தது. ஆளைச் சின்னதாக்கலாம், புடவையின் நீள அகலத்தையும் சின்னதாக்கலாம். நூலின் தடிமன் மட்டும் நம் பேச்சைக் கேட்காது. பொம்மைக்கு உடுத்தும் வேலை முக்கால்வாசி இதைச் சமாளிப்பதுதான்.

கம்பியில் உடல் கட்டி, துணி உடுத்தி, நவராத்திரிக்கு முன்னால் நடக்கும் கொலுக் கண்காட்சிகளில் விற்கும் குட்டிப் பொம்மைகளைப் பற்றியது இந்தக் கட்டுரை. வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வாங்க வேண்டும் என்பது கொலு வைக்கும் பல வீடுகளில் வழக்கம். அதனால் வாங்க ஆள் உண்டு. மண் பொம்மையில் காஞ்சிபுரத்துப் பொம்மைக்காரத் தெருவோடும் மதுரை விளாச்சேரியோடும், காகிதக்கூழில் பண்ருட்டியோடும் நாம் விலையில் மோதவே முடியாது, மோதவும் வேண்டாம். அங்கே புடவைக்கு வண்ணம் அடிக்கிறார்கள், நம்மிடம் நிஜமான துணி இருக்கிறது. கண்ணாடி அலமாரியே இரண்டடி இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு எடை இல்லாத, உடையாத குட்டிப் பொம்மை வசதியும்கூட.

முதலில் எதைச் செய்வது

தனிப் பொம்மை விற்பது கஷ்டம், செட்டாக வைத்தால் போகும். கல்யாண செட், வளைகாப்பு, சீமந்தம், நாற்று நடவு, திருவிழாக் கடைத்தெரு என்று எத்தனையோ உண்டு. புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது காசியாத்திரை. மூன்று நான்கு உருவம் போதும். மாப்பிள்ளை குடை, தடி, விசிறியோடு கிளம்புகிறார், பெண்ணின் அப்பா தேங்காய்த் தட்டோடு மறிக்கிறார், பின்னால் நாதஸ்வரமும் தவிலும். பார்த்ததும் என்ன காட்சி என்று யாரும் விளக்க வேண்டாம். இதில் இன்னொரு சௌகரியம், புடவையே இல்லாமல் முதல் செட்டை முடித்துவிடலாம். வேட்டி கட்டிக் கை பழகிய பிறகு புடவைக்கு வாருங்கள்.

அளவு

பொம்மை வீடு செய்கிறவர்கள் வைத்திருக்கும் 1:12 கணக்கு நமக்கும் ஒத்துவரும். ஓர் அடிக்கு ஓர் அங்குலம். 5 அடி 4 அங்குலம் உயரமுள்ள பெண் 13.5 செ.மீ. ஆவாள். தலைக்கு 20 மி.மீ. மர மணி, முடியோடு சேர்த்தால் 22. உண்மையான ஆளைவிடத் தலை சற்றே பெரிது. பொம்மைக்கு அதுதான் அழகு. ஒரே செட்டுக்குள் அளவு மாறக் கூடாது. தவில் தனியாக வாங்கினேன், குடை தனியாக வாங்கினேன் என்று சேர்த்தால் மாப்பிள்ளை கையில் கோவில் குடை இருக்கும். கடையில் பாத்திரம், பழம், ஊஞ்சல் எது வாங்கப் போனாலும் பையில் ஒரு பொம்மையைப் போட்டுக்கொண்டு போங்கள்.

உடல்

வேண்டிய சாமான்: 18 கேஜ் அலுமினியம் அல்லது செம்புக் கம்பி, துளை அகலமான மர மணி, மருந்துக்கடையில் கிடைக்கும் சுருள் பேண்டேஜ் துணி, பழைய வெள்ளைப் பனியன், ஃபெவிகால், குறடு. கட்டடத்துக்குப் பயன்படும் கட்டுக்கம்பி சல்லிசு, ஆனால் துருப்பிடிக்கும். ஈரம் பட்ட இடத்தில் ஒரு மழைக்காலத்துக்குள் பழுப்புக் கறை துணிக்கு மேலே வந்துவிடும். அதைத் தொடாதீர்கள்.

38 செ.மீ. கம்பியை நடுவில் மடித்து, மடித்த முனையை மணித் துளைக்குள் நுழைத்து ஒட்டுங்கள். மணிக்குக் கீழே இரண்டு இழையையும் இடுப்பு வரை முறுக்கினால் அது முதுகெலும்பு, மிச்சம் இரண்டு கால்கள். 16 செ.மீ. கம்பி ஒன்றைக் கழுத்துக்கு ஒரு செ.மீ. கீழே குறுக்காக வைத்து இரண்டு சுற்றுச் சுற்றினால் கைகள். முனைகளைச் சின்னக் கொக்கியாக வளையுங்கள், உள்ளங்கை அது. ஒரு காலில் மட்டும் கம்பியை 2 செ.மீ. கூடுதலாக விடுங்கள். பின்னால் அது பலகைத் துளைக்குள் இறங்கி பொம்மையை நிறுத்தும்.

இப்போது பேண்டேஜ் துணியை ஒரு செ.மீ. நாடாவாக வெட்டிச் சுற்ற வேண்டும். புதியவர்கள் எல்லோரும் தவறுகிற இடம் இது. நானும் தவறினேன். உடம்பு உடம்பாகத் தெரிய வேண்டும் என்று நன்றாகச் சதை வைத்துவிடுவோம். அதன் மேல் ரவிக்கை, புடவையின் முதல் சுற்று, கொசுவம், இரண்டாம் சுற்று எல்லாம் ஏறியதும் மணப்பெண் மாவு மூட்டை ஆகிவிடுவாள். இடுப்பை ஈர்க்குச்சி மாதிரி விடுங்கள். பார்த்தால் பரிதாபமாக இருக்கும், பரவாயில்லை. துணி வந்து நிரப்பும். தோளுக்கும் மாப்பிள்ளையின் மார்புக்கும் மட்டும் கொஞ்சம் தாராளம் காட்டலாம், அங்கே துணி குறைவு.

தோலுக்குப் பனியன் துணி. ஒரு தம்ளர் கொதிநீரில் இரண்டு ஸ்பூன் டீத்தூள், ஒரு சிட்டிகை உப்பு. எத்தனை நிமிஷம் ஊறுகிறதோ அத்தனை நிறம். ஒரே ஈட்டில் ஐந்து, பத்து, இருபது நிமிஷம் என்று எடுத்தால் மூன்று நிறம் கிடைக்கும். ஒரு குடும்பத்தில் எல்லோருமா ஒரே நிறமாக இருக்கிறார்கள்? ரோஸ் கலர் தோல் கேட்பவர்களும் வருவார்கள். நான் செய்வதில்லை.

முகம்

மணியின் நடுவில் கடுகளவு பாசிமணி ஒன்றை ஒட்டி, மேலே பனியன் துணியை இழுத்துக் கழுத்தில் கட்டினால் மூக்கு வந்துவிடும். பின்பக்கச் சுருக்கத்தைக் கூந்தல் மறைக்கும். பனியன் துணியில் மை ஊறிப் பரவும் என்பதால், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலை முகத்தில் மெல்லப் பூசி ஒரு இரவு காயவிட்டு, மிக மெல்லிய முனையுள்ள 0.1 பேனாவால் வரையுங்கள்.

கண் தலையின் பாதி உயரத்தில் இருக்கிறது. இதை நம்ப மாட்டீர்கள், கண்ணாடியில் அளந்து பாருங்கள். மேலே வைத்துவிட்டால் நெற்றி இல்லாமல் போகும், அப்புறம் பொட்டு எங்கே வைப்பது, நெற்றிச்சுட்டி எங்கே தொங்குவது? திறந்த கண் இரண்டும் ஒரே மாதிரி வருவது பெரும்பாடு. குனிந்த பார்வையாக இரண்டு வளைகோடு போட்டு, கீழே இரண்டு இமை மயிர் போதும். மணப்பெண்ணுக்குப் பொருத்தம். மாப்பிள்ளைக்கும் தப்பில்லை.

கூந்தலுக்கு ஊல் நூல் வேண்டாம், தாம்புக் கயிறு மாதிரி தெரியும். கறுப்பு எம்ப்ராய்டரி நூலின் ஆறு இழையைப் பிரித்து, தனித்தனி இழையாக வகிடிலிருந்து ஒட்டிக்கொண்டு போங்கள். பின்னலுக்கு மூன்று பிரி, பிரிக்கு ஆறு இழை. பூ வைக்க வெள்ளை நூலில் முடிச்சு முடிச்சாகப் போட்டால் மல்லிகைச் சரம்.

உடை

கடைக்குப் போய் புதுத் துணி வாங்காதீர்கள். பல தடவை துவைத்து நைந்த பட்டுப் புடவை, மெலிந்த மல் வேட்டி, பழைய கைக்குட்டை இவைதான் நமக்குப் பொக்கிஷம். சொந்தக்காரர்களிடம் சொல்லி வையுங்கள், கிழிந்த புடவை மூட்டையாக வரும். துணியை விரலில் போட்டுத் தொங்கவிட்டுப் பாருங்கள். விரலோடு ஒட்டி விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம், விறைத்து நின்றால் வேண்டாம். டிசைனும் 12-ல் ஒரு பங்காக வேண்டும் என்பதை மறக்காதீர்கள். நிஜப் புடவையில் 10 செ.மீ. கரை இருந்தால் பொம்மைக்கு அது 8 மி.மீ. மாங்காய் புட்டா எள்ளளவு ஆக வேண்டும். கண்டாங்கிச் சேலை வேண்டுமென்றால் காரைக்குடித் துணியை வெட்டினால் நடக்காது, ஒரு கட்டம் முழு உடம்பையும் மூடிவிடும். பொடிக் கட்டம் போட்ட கைக்குட்டைதான் கண்டாங்கி ஆகும்.

வெட்டுவதற்கு முன் வெட்டப் போகும் கோட்டில் நீர்த்த ஃபெவிகாலை மெல்லிய தூரிகையால் ஒரு கோடு இழுத்துக் காயவிடுங்கள். நூல் பிரியாது. ஓரம் மடித்துத் தைக்கும் பேச்சே வேண்டாம், ஒரு மடிப்பு என்றால் இரண்டு தடிமன். சில பட்டில் பசை கறையாகப் படியும். மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டுப் பூசுங்கள்.

ரவிக்கையைத் தைக்கக் கூடாது. கைக்கு ஒன்றரை செ.மீ. அகலத் துண்டைச் சுற்றி ஒட்டுங்கள், பிறகு மார்பில் ஒரு துண்டு, முடிந்தது. பாவாடையும் கிடையாது.

இனி புடவை. ஐந்தரை மீட்டர் புடவையைப் 12-ஆல் வகுத்தால் 46 செ.மீ. வரும், அகலம் ஒன்பதரை. கணக்கை நம்பி 46 செ.மீ. வெட்டினால் நான் ஆரம்பத்தில் சொன்ன குடை கிடைக்கும். 30 செ.மீ. போதும். உடம்பைச் சுற்ற ஒன்பது, கொசுவத்துக்கு எட்டு, மறுபடி அரைச் சுற்றும் முந்தானையும் மிச்சத்தில். ஏழு மடிப்புக் கொசுவம் இங்கே நான்கு மடிப்பு. பார்ப்பவர்கள் எண்ணுவதில்லை, மடிப்பு கீழ்வரை நேராக விழுகிறதா என்றுதான் கண் பார்க்கும்.

விழ வைப்பது எப்படி? கட்டுவதற்கு முன்னாலேயே மடிப்பைத் தயார் செய்ய வேண்டும். துணியை லேசாக நனைத்து, கெட்டி அட்டையின் மேல் நான்கு மடிப்பாக நீவி, மேலும் கீழும் குண்டூசி குத்தி, நூல் சுற்றி இரவு முழுக்க வையுங்கள். காலையில் ஊசியை எடுத்தால் மடிப்பு மறக்காமல் நிற்கும். பொம்மைக்குக் கட்டிய பிறகு மறுபடி நீர் தெளித்து, கணுக்காலில் இருந்து இடுப்பு வரை வெள்ளை நூலைத் தளர்வாகச் சுற்றி, மின்விசிறிக் காற்றில் காய வையுங்கள். நூலைப் பிரித்தால் புடவை உடம்போடு ஒட்டி விழுந்திருக்கும். முந்தானை மட்டும் இன்னமும் அடங்காது. அதன் உட்புறத்தில் ஓர் இழை மெல்லிய பூக்கட்டுக் கம்பியை ஒட்டிவிட்டால், காற்றில் பறக்க வேண்டுமா தோளில் தவழ வேண்டுமா என்பதை விரலாலேயே முடிவு செய்யலாம்.

கஞ்சி, மைதாப் பசை இரண்டும் மடிப்புக்கு அருமையாக நிற்கும். அதுதான் ஆபத்து. ஒரு வருஷம் மைதாப் பசையில் பதினாலு பொம்மைகள் செய்து, விற்காத ஆறை அட்டைப் பெட்டியில் வைத்தேன். அடுத்த ஆடியில் திறந்தபோது கரப்பான் விருந்து முடிந்திருந்தது. மணப்பெண்ணுக்கு முந்தானை இல்லை, மாப்பிள்ளைக்கு அரை வேட்டி. புத்தகம் கட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள், ஆனால் அது விஷம், குழந்தைகள் கை படும் பொருளில் வேண்டாம். தண்ணீரும் பொறுமையும் போதும்.

மடிசாருக்கு அவசரப்படாதீர்கள். ஒன்பது கஜம், கால்களுக்கு நடுவே போய் வருகிறது, தடிமன் தொல்லை அதில் உச்சம். நான் அதை ஒரே துணியில் கட்டுவதில்லை. ஒவ்வொரு காலுக்கும் தனித் துண்டு, பின் கச்சம் ஒரு துண்டு, முந்தானை ஒரு துண்டு என்று நான்காக ஒட்டுகிறேன். ஏமாற்றுதான், ஆனால் வெளியே தெரியாது. வெளியே தெரியும் வேறொன்று இருக்கிறது, தோள். ஐயர் மடிசாரில் முந்தானை வலத்தோளில், ஐயங்கார் மடிசாரில் இடத்தோளில். மாற்றி வைத்தீர்களானால் கண்காட்சியில் முதல் அரை மணிக்குள் ஒரு மாமி வந்து சொல்லிவிடுவார், சத்தமாக. ஒரு செட்டுக்குள் நாமம் ஒரு பக்கமும் விபூதிப் பட்டை ஒரு பக்கமும் கலந்துவிடாமல் பாருங்கள். தவில்காரருக்கு இடக்கையில் குச்சி, வலக்கை விரல்களில் கூடு. விரலுக்குக் கூடு போட முடியாது என்றால் விரல் நுனியில் வெள்ளைப் புள்ளி வையுங்கள், தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

உடை சரியாக இருப்பது எப்படி இருக்கும் என்று பார்க்க டெல்லி போகும்போது சங்கர் சர்வதேசப் பொம்மை அருங்காட்சியகத்துக்கு ஒரு மதியம் ஒதுக்கலாம். கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965-இல் தொடங்கியது. மாநிலவாரியாக உடுத்தியிருக்கும் இந்தியப் பொம்மைகளை அங்கேயே பட்டறை வைத்துச் செய்தார்கள். நான் முகங்களைவிடக் கொசுவங்களைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நகை

இங்கே வேகமாகப் போகலாம். கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பாசிமணி 2 மி.மீ., அது பொம்மைக் கழுத்தில் எலுமிச்சம்பழ மாலை. 1.5 மி.மீ. மணி கேட்டு வாங்குங்கள். மற்றபடி ஜரிகை நூல் இரண்டு இழை முறுக்கினால் சங்கிலி, ஜரிகைப் பட்டி ஒட்டியாணம், ஒற்றைக் கல் மூக்குத்தி. எல்லாவற்றையும் மாட்டிவிடும் ஆசை வரும். மூன்று நகையோடு நிறுத்துங்கள், இல்லையென்றால் நீங்கள் இரண்டு நாள் பாடுபட்ட புடவை மறைந்துபோகும்.

மரப்பாச்சிக்கு உடுத்தித் தரச் சொன்னால்

கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். செம்மரத்தில் செய்த அந்த ஜோடி பல வீடுகளில் பாட்டி காலத்துச் சொத்து. கொலுப் படியில் அவர்களுக்குத்தான் முதல் மரியாதை, விஜயதசமி இரவு படுக்க வைக்கிறதும் பெரும்பாலும் அவர்களைத்தான். கை உடம்போடு ஒட்டிச் செதுக்கியிருப்பதால் தோளுக்கு மேல் துணி எடுப்பது சிரமம், வழுக்கவும் செய்யும். எவ்வளவு வழுக்கினாலும் மரத்தில் பசை மட்டும் படக் கூடாது. இடுப்பில் ஒரு பருத்தி நாடாவை இறுக்கிக் கட்டி, எல்லாத் துணியையும் அந்த நாடாவோடு தையலாகப் பிடியுங்கள். அடுத்த வருஷம் அவர்கள் பிரித்து வேறு புடவை கட்டலாம், மரத்தில் தழும்பு இருக்காது. கூலியை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஒரு சட்ட விஷயம்

14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும் என்று மத்திய அரசின் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாமே செய்து விற்கும் பொருளுக்கு விலக்கு உண்டு. அந்தப் பதிவுக்குத் தரும் அடையாள அட்டைக்குப் பெயர் பெஹ்சான் அட்டை. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரசு நடத்தும் கைவினைக் கண்காட்சிகளில் இடம் கேட்கவும் அது உதவும். நம்முடையது கம்பியும் ஊசிமுனையும் உள்ள காட்சிப் பொருள். தனியாக ஒரு சின்ன அட்டையில் 'அலங்காரப் பொருள், குழந்தைகள் விளையாட அல்ல' என்று எழுதி ஒவ்வொரு செட்டோடும் வையுங்கள்.

விலை

துணி இனாம், கம்பி பத்து ரூபாய் என்று கணக்குப் போட்டு ஒரு ஜோடியை 200 ரூபாய்க்கு விற்றுவிட்டு வந்து உட்காருவோம், முதுகு வலிக்கும். உதாரணத்துக்கு ஒரு ஜோடிக்கு இப்படிப் போட்டுப் பாருங்கள். சாமான் 180. ஐந்து மணி நேரம், மணிக்கு 70 என்றால் 350. கடை வாடகையில் உங்கள் பங்கு 3,000, நாற்பது ஜோடி விற்கும் என்று வைத்தால் ஜோடிக்கு 75. பெட்டியும் அட்டையும் 25. ஆக 630 அடக்கம். 750-க்குக் குறைத்து எழுதாதீர்கள். "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று கேட்கத்தான் செய்வார்கள், அதற்கு 50 ரூபாய் கையில் இருக்கட்டும். "இத்துனூண்டு பொம்மைக்கா?" என்பவரிடம் வாதாட வேண்டாம். பேசாமல் ஒரு பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து நாதஸ்வரக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் வாங்குவார்கள்.

கூலி நேரத்தைக் குறைக்க ஒரே வழி கட்டுக்கட்டாகச் செய்வது. ஒரு நாள் முழுக்க இருபது உடல், இன்னொரு நாள் இருபது முகம். முகத்தை மட்டும் காலை வெளிச்சத்தில் செய்யுங்கள்.

கண்காட்சி

மகாளய அமாவாசையை ஒட்டிப் படி கட்டத் தொடங்குவார்கள் என்பதால் அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரம்தான் வியாபாரம். விண்ணப்பத்தை ஆனி, ஆடியிலேயே கொடுக்க வேண்டியிருக்கும். தமிழ்நாடு அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகார் வருஷா வருஷம் கொலுக் கண்காட்சி நடத்துகிறது. மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்தால் சென்னை நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் நடக்கும் நவராத்திரி விற்பனை பற்றி உங்கள் குழு மூலம் விசாரியுங்கள். முதல் வருஷம் பெரிய இடம் வேண்டாம், குடியிருப்பு வளாகத்திலோ சபா வாசலிலோ பாதி மேஜை கிடைத்தால் போதும், அதையும் ஒரு தோழியோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடப் போகவாவது ஆள் வேண்டுமே.

மேஜையில் பொம்மைகளைப் பரப்பினால் யார் கண்ணிலும் படாது, எல்லாம் இடுப்புக்குக் கீழே கிடக்கும். மூன்று படி கட்டி, வெள்ளைத் துணி விரித்து, மேல் படி ஆள் கண்ணுக்கு நேராக வரும்படி வையுங்கள். மஞ்சள் ஒளி விளக்கு ஒன்று, நீட்டிப்புக் கம்பி, சில்லறை, ஜிபே அட்டை, பொம்மை ஜுரத்துக்கு மருந்துப் பெட்டி, அதாவது பசை, ஊசி, கறுப்பு நூல், உபரி மூக்குத்தி. பிளாஸ்டிக் விரிப்பையும் மறக்க வேண்டாம். புரட்டாசி மாலை மழையை நம்ப முடியாது. எனக்குக் கொடுத்த கடைக்கு மேலே ஷாமியானா இரண்டாக இணையும் இடம். ஒன்பது மணிக்கு அந்த இணைப்பு வழியாகக் கொட்டியது. தப்பியது விரிப்புக்குள் இருந்தவை மட்டும்.

எல்லாவற்றையும் மேஜையில் வைக்காதீர்கள். ஒவ்வொரு வகையிலும் ஒன்று போதும். நிறையக் கிடந்தால் "சுத்திட்டு வரேன்" என்று போவார்கள். செய்வதைப் பார்க்க மக்களுக்கு ஆசை, ஆளில்லாத நேரத்தில் ஒரு கூந்தல் பின்னிக்கொண்டிருங்கள், கூட்டம் தானாகச் சேரும். விற்கும் பெட்டிக்குள் பொம்மையைப் பலகையோடு நூலால் கட்டி, ஒரு துண்டு வசம்பும் போட்டுக் கொடுங்கள். கொலு முடிந்து அதே பெட்டியில்தான் பதினொரு மாதம் அது இருக்கப் போகிறது.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். விற்ற ஒவ்வொரு பொம்மையின் புடவையிலிருந்தும் விரல் அகலத் துண்டு ஒன்றை அதில் ஒட்டி, தேதியும் பொம்மை உயரமும் எழுதி வையுங்கள். போன வருஷம் அரக்கு மணப்பெண் வாங்கியவர் இந்த வருஷம் வந்து, அதே பெண்ணுக்கு இப்போது வளைகாப்பு செட் வேண்டும், முகமும் அதே மாதிரி வேண்டும் என்பார். அதற்கு அடுத்த வருஷம் மறுபடி வருவார், தொட்டிலோடு.